ஆரஞ்சுக் கோட்டு

அந்த மனிதன் ஆரஞ்சு நிறக் கோட்டு போட்டிருந்தான் என்று இரண்டு வருடங்களுக்கு மேல் நம்பியிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவன் முகம் எனக்கு நினைவில்லை. என் வாயைப் பொத்திய கையின் டீசல் வாடை நினைவிருக்கிறது. மெஷின் ஊசியில் பாதியில் நின்றுபோன ரவிக்கையின் கழுத்து நினைவிருக்கிறது. மதியம் மூன்று மணி. மற்றவையெல்லாம் அன்றே இருந்தனவா, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டேனா என்று பிரிக்கத் தெரியவில்லை. ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கல்மண்டபத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, முன்னால் இரும்புக் கதவு போட்ட சின்ன முற்றம். என் வீட்டுக்காரர் வில்சனுக்குத் துறைமுகத்தில் வேலை, கப்பலில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவது. மகள் சாண்ட்ரா அப்போது கல்லூரியில் இருந்தாள். நான் கீழறையில் ரவிக்கை தைப்பேன், தைக்காத நேரத்தில் படிப்பேன். அன்று வந்தவன் என் தாலிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போய்விட்டான். நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. அடிக்கவில்லை. போனது சங்கிலிதானே, உயிர் மிச்சம் என்றார்கள் எல்லோரும்.

அதன்பிறகு வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார என்னால் முடியவில்லை. மெஷின் இருக்கும் இடத்தில் அப்படித்தான் உட்கார வேண்டும். புத்தகத்தை எடுத்தால் ஒரே வரியில் கண் நின்றுவிடும். வில்சன் வேலைக்குக் கிளம்பியதும் கதவைப் பூட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போவேன். அவர் திரும்பும்வரை அங்கேயே கடைசி பெஞ்சில் இருப்பேன். ஜெபம் செய்தேன் என்று சொல்ல முடியாது. சும்மா இருந்தேன். கோயிலைக் கூட்டுகிற ஜானட் ஒருநாள் துடைப்பத்தை நீட்டி, "தெனிக்கும் வந்து குந்திகினு கீற, இத்தயாச்சும் புடி" என்றாள்.

வில்சன் அதற்குமேல் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் பிளாஸ்டிக் கூடையில் ஒரு ராட்வீலர் குட்டியைக் கொண்டுவந்தார். கறுப்பு உடம்பு, கண்களுக்குமேல் இரண்டு பழுப்புப் பொட்டுகள். கீழே விட்டதும் நடைவழியின் நடுவில் உட்கார்ந்தது. இழுத்தாலும் நகரவில்லை.

"இன்னாடா இது, பார்ஜ் மாரி குந்திகினு கீது" என்றார்.

துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிற தட்டைப் படகுக்கு அந்தப் பெயர். அதற்கென்று இன்ஜின் கிடையாது, யார் இழுக்கிறார்களோ அவர்கள் பின்னால் போகும். அதுவே பெயராக நின்றுவிட்டது.

ஒன்றரை வருடத்தில் பார்ஜ் நாற்பத்தெட்டு கிலோ ஆனது. வெயில் காலத்தில் அதற்கு மூச்சு வாங்கும். வில்சன் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் துண்டுகளைச் சாக்கில் கட்டி வருவார். ஈரச் சாக்கை விரித்தால் வாசற்படிக்குக் குறுக்கே அதன்மேல் நீட்டிப் படுத்துக்கொள்ளும். முதுகுக்குப் பின்னால் அந்த மூச்சுச் சத்தம் கேட்கிறவரை நான் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. மறுபடி தைத்தேன். மறுபடி படித்தேன். மணிக்கணக்கில் நாங்கள் இருவரும் ஒரு சத்தமும் இல்லாமல் இருப்போம். என் வாழ்க்கையில் வேறு யாரோடும் அப்படி இருந்ததில்லை.

வீட்டாரைத் தவிர அது நெருங்கவிட்ட ஒரே ஆள் கோவிந்தம்மா. குப்பை எடுக்க வருகிறவள். தினமும் காலை ஏழு மணிக்கு பேட்டரி வண்டியைச் சந்தின் வாயில் நிறுத்திவிட்டு உள்ளே வருவாள். படிக்குப் பக்கத்தில் இருக்கும் வாளியை எடுக்குமுன் இரும்புக் கதவின் கம்பிகளுக்குள் கையை விட்டுக் காதைச் சொறிவாள்.

"இன்னா மாப்ள, நாஸ்தா ஆச்சா?" என்பாள். பிறகு என்னிடம், "ஐரீனம்மா, மாப்ளைக்கு பிஸ்கோத்து கொணாந்துகீறேன். பொண்ண எப்ப பாக்கப் போறோம்?"

"நீயே பாரு" என்பேன்.

"என் பேத்திக்கு இன்னும் பல்லே மொளைக்கல. வெய்ட் பண்ணச் சொல்லு."

அவளுடைய பச்சைக் கோட்டு வெளுத்து, ஓரங்கள் பிரிந்திருக்கும். இரண்டு முறை நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

பார்ஜுக்குக் கடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டது நான்தான். வில்சன் வேண்டாம் என்றார். அவருடைய சிநேகிதன் வேம்பு திருவொற்றியூரில் இருக்கிறான், கன்டெய்னர் யார்டுகளுக்குக் காவல் நாய் பழக்குகிறவன். அவன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மாமு, இது நாயில்ல, சோபா. திருடன் வந்தா நவுந்து எடம் குடுக்கும்."

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் வில்சன் வேம்புவைக் கூப்பிட்டார்.

பழக்கும்போது திருடனாக நடிக்கிறவன் கையில் கெட்டியான உறை மாட்டிக்கொள்ள வேண்டும். வேம்புவின் உறை கிழிந்திருந்தது. நான் தைக்கிறேன் என்றேன். "சரிக்கா. வந்தவன் எப்டி இருந்தான்? இன்னா போட்டுகினு இருந்தான்?" என்று கேட்டான்.

"ஆரஞ்சுக் கோட்டு. வெள்ளிப் பட்டை வெச்சது" என்றேன். தயங்கவில்லை.

"ஹார்பர்ல போடற சேஃப்டி கோட்டா? அப்போ ஒரிஜினல் டிரெஸ்லயே பழகட்டும்."

வில்சனின் பழைய கோட்டு ஒன்று பரணில் கிடந்தது. அதன் இரண்டு பக்கமும் கை வைத்து, உள்ளே லாரி டியூப், கோணி, பிரித்த கயிறு எல்லாம் அடுக்கித் தைத்தேன். மூன்று ஊசி உடைந்தது. வெளிப்பக்கத்தை அப்படியே விட்டேன். அந்தப் பட்டைகளைப் பிரித்துப் போட எனக்குப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

பதினாறு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து, மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் பின்பக்க மைதானத்துக்குப் போவோம். வேம்பு கோட்டைப் போட்டுக்கொண்டு வருவான். சில வாரம் அவனுடைய ஆட்கள் வருவார்கள். ஆள் மாறினாலும் கோட்டு ஒன்றுதான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "பிடி" என்பேன். பார்ஜ் பாய்ந்து இடது கையைக் கவ்வும். "விடு" என்றால்தான் விடும், அதுவும் என் குரலுக்கு மட்டும். "ஒரே ஆளு கொரலுக்குத்தான் உடணும்க்கா. இல்லனா திருடனே உடுன்னுட்டு போய்டுவான்" என்றான் வேம்பு. கடைசி மாதம் "பிடி" என்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோட்டு மைதானத்து வாசலைத் தாண்டினால் போதும்.

மெலிந்த, பேசாத, புத்தகம் படிக்கிற பெண் நான். ஒரு சொல்லால் ஓர் ஆளை மண்ணில் விழவைத்தேன். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வில்சனும் தினமும் அதே மாதிரிக் கோட்டுதான் போடுகிறார் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. சாண்ட்ராவுக்கு இளைப்பு உண்டு. அதனால் கோட்டில் ஒட்டிய தூசியோடு அவர் வீட்டுக்குள் வரமாட்டார். சந்தின் முனையிலேயே கழற்றி வண்டிப் பெட்டியில் போட்டுவிடுவார். எங்கள் வீட்டில் யாரையும் பார்ஜ் அந்தக் கோட்டில் பார்த்ததே இல்லை.

போன வருடம் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. குப்பை எடுக்கும் வேலை வேறு கான்டிராக்டர் கைக்கு மாறி, எல்லோருக்கும் பச்சைக்குப் பதில் ஆரஞ்சு நிறத்தில் புதுக் கோட்டு கொடுத்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. பார்ஜ் அவிழ்த்துவிடப்பட்டு முற்றத்தில் இருந்தது. கோவிந்தம்மா குப்பை வண்டியின் ஒலிபெருக்கியில் ஓடுகிற பாட்டை நிறுத்தவில்லை, வாயில் மாஸ்க். இரும்புக் கதவைத் திறந்து, முதுகைக் காட்டியபடி வாளியை எடுக்கக் குனிந்தாள்.

பார்ஜ் குரைக்கவில்லை. குரைக்கக் கூடாது என்பதும் பாடம்.

நான் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது அவள் தரையில் கிடந்தாள். இடது முன்கை பார்ஜின் வாயில் இருந்தது. மாஸ்க் கழன்றிருந்தது. "மாப்ள... நான்டா மாப்ள..." என்றாள். பார்ஜின் கண் அவள் முகத்துக்குப் போனது. தெரிந்துகொண்டது. அதை நான் பார்த்தேன். தெரிந்துகொண்ட கண்ணோடு அது என்னைப் பார்த்தது. வாயை விடவில்லை.

நான் உடனே "விடு" என்றேன். என் நினைவில் அப்படித்தான் இருக்கிறது. மேல்மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த சாண்ட்ரா அப்படிச் சொல்லவில்லை. "நான் நாலு வாட்டி மம்மி மம்மின்னு கத்துனேன். நீ சொம்மா நின்னுகினு இருந்த" என்றாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

கோவிந்தம்மாவை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கையில் இரண்டு நரம்பு அறுந்திருந்தது. கடித்த நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்க வேண்டும் என்றார்கள். பத்தாம் நாள் மாநகராட்சியிலிருந்தும் ஸ்டேஷனிலிருந்தும் வருவார்கள், அப்போது நடந்ததை நான் எழுதிக் கொடுக்க வேண்டும். கடிக்கப் பழக்கிய நாய் என்று எழுதினால் அது இந்த வீட்டில் இருக்க முடியாது. கோவிந்தம்மா சீண்டினாள் என்று எழுதினால் அவளுக்கு வேலை இருக்காது. அவளுடைய சூப்பர்வைசர் அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

"பிஸ்கோத்து குடுக்க கைய உள்ள உட்டுச்சின்னு எழுது" என்றார் வில்சன். "அது பொய்யா? தெனிக்கும் உட்டுச்சில்ல?"

நான் காகிதத்தை மடித்து வைத்தேன்.

"இத பாரு ஐரீனு. அது இல்லாம நீ இங்க இருப்பியா? நான் சிப்ட்டு போனா திரும்பவும் மாதா கோயில்லயே குந்திகினு இருப்பியா? எனக்கு மட்டும் அந்தம்மா மேல பாவம் இல்லையா? எனக்கு நீ வேணும், அவ்ளோதான்."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

வேம்பு வந்தான். சங்கிலியில் கிடந்த பார்ஜின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். "கத்துக்குனத அழிக்க ஆறு மாசம் ஆவும்க்கா. பத்து நாள்ல ஆவாது. எண்ணூர்ல யார்டு எதுலயாச்சும் உட்டுடலாம்னா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். யார்டில் எல்லோரும் கோட்டுதான் போட்டிருப்பார்கள்.

அன்று முழுவதும் ஓர் இடத்தைத் தேடி மனதுக்குள்ளேயே நடந்தேன். அத்திப்பட்டில் என் தங்கை வீடு, வாசலில் அனல்மின் நிலையத்து ஆட்கள் போவார்கள். பெரம்பூரில் சித்தப்பா மகன், ரயில்வே ஒர்க்‌ஷாப் தெரு. ரோடு தோண்டுகிறவன், டிராஃபிக் போலீஸ், லாரி கிளீனர், மெட்ரோ ஆள். கோட்டு இல்லாத ஒரு தெரு வடசென்னையில் இல்லை. எங்கள் ஊரே போடுகிற உடுப்பை நான் திருடனின் உடுப்பாக்கி ஒரு மிருகத்தின் மண்டைக்குள் தைத்திருந்தேன்.

கல்மண்டபத்தில் மொத்தப் பருப்புக் கடை வைத்திருக்கும் ஜெபசிங்குக்குச் சாத்தான்குளம் பக்கம் தோட்டம் இருக்கிறது. போன் செய்தேன்.

"தோட்டத்துக்கு நாய் ஒண்ணு வேணும்னுதான் இருக்கேன் யக்கா. லாரியிலயே அனுப்பிரலாம். ஒண்ணே ஒண்ணு கேக்கேன், யாரையும் கடிச்சிருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தோட்டத்துப் பக்கம் ரோடு போட வருகிறவன் என்ன நிறம் உடுத்தியிருப்பான் என்று தோன்றியது. வாய் திறந்தபடியே இருந்தது.

"சரிக்கா" என்றார் ஜெபசிங் கொஞ்ச நேரம் கழித்து. "போன வச்சிருதேன்."

ஆனாலும் நான் முயன்றேன். பத்து நாளில் அழியாது என்று வேம்பு சொன்னான், அவனுக்கு என்னையும் பார்ஜையும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். கோட்டை எடுத்து அதன்மேல் சோற்றுத் தட்டை வைத்தேன். முதல் நாள் அது சாப்பிடவில்லை, உறுமியது. இரண்டாம் நாள் சாப்பிட்டது. நான் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் படித்தேன். ஐந்தாம் நாள் அது கோட்டின்மேல் தலையை வைத்துத் தூங்கியது. அதைப் பார்த்து நான் அழுதேன். அழிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஏழாம் நாள் பார்ஜின் தடுப்பூசி அட்டையைத் தேடி பீரோவில் இருந்த கவர்களைக் கொட்டினேன். பழைய புகாரின் நகல் வந்தது. சங்கிலி போன அன்று சாயங்காலமே ஸ்டேஷனில் உட்கார்ந்து நான் எழுதியது. என் கையெழுத்துதான். வயது முப்பதுக்குள். மாநிறம். வெள்ளை அரைக்கைச் சட்டை. நீலக் கட்டம் போட்ட லுங்கி.

நான்கைந்து முறை படித்தேன். பின்பக்கம் திருப்பியும் பார்த்தேன். கோட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஆரஞ்சு எங்கிருந்து வந்தது? பயந்து கிடந்த அந்த மாதங்களில், கோயிலில் இல்லாத நேரமெல்லாம், சந்தில் போகிற வருகிறவர்களையெல்லாம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் பாதிப்பேர் கோட்டு போட்டவர்கள். முகமில்லாத ஒருவனுக்கு நான் எதையோ உடுத்தியிருக்க வேண்டும். வேறு விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோவிந்தம்மா கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாப்ள துண்ணுதா?"

தலையாட்டினேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அது என்னத் தெரிஞ்சிகிச்சி ஐரீனம்மா. கண்ண பாத்துச்சி. பாத்துட்டும் உடல. ஏன் உடல? அது ஒண்ணுதான் எனக்குப் பிரில."

சொன்னேன். கோட்டை, மைதானத்தை, பதினாறு ஞாயிறை, என் குரலை. என் குரல் கேட்கும்வரை அது விடாது என்பதை.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீ எப்ப சொன்ன?" என்றாள்.

"தெரியல கோவிந்தம்மா."

"எனக்கும் தெர்ல. எனக்கு ஒரு வருசம் மாரி இருந்திச்சி." கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை மடக்கப் பார்த்தாள். இரண்டு மடங்கவில்லை. "என்னமோ எழுதப் போறியாமே. உன் வூட்டுக்காரரு வந்து சொன்னாரு. நீ இன்னா எழுதுனாலும் எழுது. ஆனா நான் அத்த சீண்டுனேன்னு மட்டும் எழுதாத. வேலைக்காவச் சொல்லல. நான் அத்த சீண்டவே இல்ல."

பத்தாம் நாள் காலை. அவர்கள் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வில்சன் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார், சாண்ட்ரா வேலைக்குப் போயிருந்தாள். நான் வீட்டுக் கதவை வெளியே தாழிட்டேன். பார்ஜின் சங்கிலியை அவிழ்த்தேன். சந்துப் பக்கம் போய், நான் தைத்த கோட்டை நானே போட்டுக்கொண்டு, இரும்புக் கதவைத் திறந்து முற்றத்துக்குள் வந்தேன். பேசக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். பேசினால் அதற்கு நான் என்று தெரிந்துவிடும். பேசாமலே தெரிய வேண்டும்.

பார்ஜ் எழுந்தது. வால் அசைந்தது, நின்றது. என் முகத்தைப் பார்த்தது. கோட்டைப் பார்த்தது. மூக்கை நீட்டி என் வாடையை இழுத்தது. உடம்பு முழுவதும் நடுங்க ஆரம்பித்தது. பிறகு, பாயாமல், மெதுவாக நடந்து வந்து என் இடது கையை வாயில் எடுத்துக்கொண்டது.

அழுத்தவில்லை. கோணிக்கு வெளியே பற்கள் இருப்பது மட்டும் தெரிந்தது. தொண்டைக்குள் ஒரு முனகல். கண்கள் என் கண்ணில் இருந்தன. அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தது.

நான் எண்ணத் தொடங்கினேன். அன்று எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி இல்லை. பத்தில் அதன் தாடை கொஞ்சம் இறுகியது, சொல் வராவிட்டால் இறுக்க வேண்டும் என்பதும் பாடம்தான். பதினைந்தில் டியூபைத் தாண்டி எலும்பில் வலி தெரிந்தது. அதன் வாயோரம் எச்சிலும் கண்ணோரம் நீரும் வழிந்தன. இருபதில் என்னால் நிற்க முடியவில்லை.

"விடு" என்றேன்.

உடனே விட்டது. என் பாதத்தின்மேல் படுத்துக்கொண்டு கோட்டின் கையை நக்கியது.

கோவிந்தம்மா விழுந்த அன்று இருபதைவிட அதிக நேரம் நின்றேன். சாண்ட்ரா நாலு முறை கத்தி முடிக்க அதற்குமேல் ஆகும். அவ்வளவு நேரமும் ஆரஞ்சு நிறத்தில் ஒருவன் தரையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பார்ஜாவது கோவிந்தம்மாவின் குரலைக் கேட்டதும் யார் என்று பார்த்தது. நான் பார்க்கவில்லை.

அவர்கள் வந்தபோது காகிதத்தைத் தயாராக வைத்திருந்தேன். இந்த நாயைக் கடிக்கப் பழக்கியது நான். பழக்குவதற்கு, கோவிந்தம்மா அன்று போட்டிருந்த மாதிரிக் கோட்டைப் பயன்படுத்தினேன். கோவிந்தம்மா அதைச் சீண்டவில்லை. விடச் சொல்ல வேண்டிய நான் தாமதித்தேன். வில்சன் அதை வாங்கிப் படித்துவிட்டு அவர்களிடம் கொடுத்தார். என்னைப் பார்க்காமல் முற்றத்தில் போய் நின்றார்.

கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் இஷ்ரத் என்ற பெண் நாய்களுக்கு ஒரு காப்பகம் நடத்துகிறாள். முழு உண்மையையும் சொல்லி நான் கேட்ட ஒரே இடம் அது. கூண்டைவிட்டு வெளியே விடமாட்டேன், சம்மதமா என்றாள். சம்மதித்தேன். பார்ஜ் அங்கே இரண்டு வாரம் கொஞ்சம் சாப்பிட்டது, பிறகு நிறுத்திவிட்டது. நாற்பத்துமூன்றாம் நாள் இறந்தது. கோவிந்தம்மாவின் இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. வேலையில் வைத்துக்கொண்டார்கள், வண்டி ஓட்ட விடுவதில்லை. கொருக்குப்பேட்டையில் உட்கார்ந்து வலது கையால் குப்பை பிரிக்கிறாள். வேம்பு இப்போதும் நாய் பழக்குகிறான், உறையை வெறும் கோணியில் தைத்துக்கொள்கிறான். சாண்ட்ரா வேலை மாற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், தன் அப்பாவிடம் பேசுவாள். வில்சன் என்னோடு ஏழு மாதம் பேசவில்லை, இப்போது பேசுகிறார். என் மேல் வழக்கு நடக்கிறது. அவர் வேலைக்குப் போனதும் நான் கதவைப் பூட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போகிறேன்.